போன்சாய்க்கு வேர்த்துண்டா, போத்தா?

வாட்டர் ஜாஸ்மின் என்ற பூச்செடியில் போன்சாய், அதாவது தொட்டியில் குட்டை மரம், வளர்க்க மூன்று வழிகள்: நர்சரியில் செடி வாங்கலாம், போத்து (வெட்டிய கிளைக்குச்சி) நடலாம், வேர்த்துண்டிலிருந்து எழுப்பலாம். நான் வேர்த்துண்டில் இறங்கினேன்; இன்றும் அதன் கட்சிதான்.

நர்சரிச் செடிக்குக் காசு வேண்டும், காத்திருக்க வேண்டாம். போத்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது அடித்தண்டு. போத்து நேர்க்குச்சி. கட்டைவிரல் பருமன் வந்துவிட்டால் கம்பி சுற்றினாலும் அவ்வளவாக வளைந்து கொடுக்காது. வளைவு வேண்டுமென்றால் குட்டையாக வெட்டி, பக்கக் கிளை ஒன்றைத் தலையாக்கி, அந்த வெட்டு மூட வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேரோ தொட்டிச் சுவரில் முட்டி, கல்லைச் சுற்றி, தானாகவே நெளிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை விலக்கி வெளியே விட்டால் அதன் தோல் பட்டையாகக் கெட்டிப்படும்.

தொட்டி மாற்றும்போது எப்படியும் வேர் வெட்டுகிறோம். அதில் பென்சிலைவிடப் பருமனானதை எடுத்துவையுங்கள். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் கசியும். மரத்தோடு ஒட்டியிருந்த முனையை நேராகவும் மறுமுனையைச் சாய்வாகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் குழப்பம் வராது. நேர்முனை மண்ணுக்கு மேலே லேசாகத் தெரிய வேண்டும்.

ஒரு சங்கடம் உண்டு. வேர் மரத்தருகே தடித்தும் போகப்போக மெலிந்தும் இருப்பதால், அப்படியே நட்டால் தண்டு மேலே பருத்து அடியில் ஒல்லியாகிவிடும். கீழே இரண்டு மூன்றாகப் பிரியும் வேராகத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கவட்டையே மரத்தின் பாதமாகிவிடுகிறது.

அப்புறம் கத்தரிப்பு. வெட்டுமுனையைச் சுற்றிக் கொத்தாகத் துளிர்க்கும். அத்தனையையும் விட்டால் முனை முண்டாக வீங்கும். வேரின் வளைவோடு போகிற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். வைத்துக்கொண்டதைச் சீக்கிரம் கத்தரிக்காதீர்கள்: அது ஓடி வளர்ந்தால்தான் வேரின் பருமனை எட்டும். பிறகு இரண்டு மூன்று கணு விட்டு வெட்டலாம். போத்திலும் துளிர் தேர்வு உண்டு, ஆனால் துளிர் சேரும் இடம் தனியாகத் தெரியும் தொல்லை வேரில்தான் அதிகம்.

ஆல், இச்சி வகைகளுக்கு இந்த மெனக்கெடல் தேவையில்லை, போத்தே போதும். புளியை வேரிலிருந்து நான் எழுப்பியதில்லை. ஒட்டுச்செடியில் மட்டும் வேர் எடுக்காதீர்கள், முளைப்பது கீழே இருந்த வேர்ச்செடி ரகமாகத்தான் இருக்கும்.