மக்களைத் தேடி மருத்துவம்: எங்கள் வீட்டுத் திண்ணை அனுபவம்

அம்மாவுக்கு வயது 67. சுகர், பி.பி. இரண்டும் உண்டு. முன்பெல்லாம் மாத்திரை வாங்க டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மாத்திரை தீர்ந்தாலும் யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் தள்ளிவிடுவார். கால் மரத்துப்போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதம் ஒருமுறை, அம்மா காட்டுக்குக் கிளம்பும் முன்பே எங்கள் ஊர் தன்னார்வலர் அக்கா வந்துவிடுகிறார். வெறும் வயிற்றில் சுகர் பார்க்க அதுதான் சரியான நேரம். திண்ணையிலேயே பி.பி.யும் பார்த்து, செல்போனில் பதிந்து, மிச்சம் இருக்கும் மாத்திரையை எண்ணிவிட்டுத்தான் புது அட்டை கொடுப்பார். பைசா செலவில்லை.

போன மாம்பழ சீசனில் சுகர் 310 காட்டியது. அக்கா வாசலில் கிடந்த கொட்டைகளைப் பார்த்தார். "அத்தை, செந்தூரா எத்தனை சாப்பிட்டீங்க?" என்னிடம் மறைத்ததை அவரிடம் அம்மாவால் மறைக்க முடியவில்லை. களி உருண்டையின் அளவையும் அன்றே குறைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தெலுங்குதான் வரும். அவரிடம் அக்கா தெலுங்கில் பேசுகிறார். வெளியூர் ஆள் வந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

இந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அக்கா மகளிர் குழுவிலிருந்து வந்தவர். அந்தக் குழுக்களை அரசு 1989ல் முதலில் தொடங்கியதும் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி 2004ல்தான் தனியாகப் பிரிந்தது. முப்பது வருடமாகக் குழுவில் பழகிய பெண்கள் ஊருக்கு ஊர் இருந்ததால்தான் இவ்வளவு வேகமாக வீடுவரை வர முடிந்தது என்று நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. கண், கால், கிட்னி பரிசோதனைக்கு இன்னமும் பஸ் ஏற வேண்டும். மேடு பள்ளம் நடந்து வீடு வீடாகப் போகும் அக்காவுக்குச் சம்பளம் என்று கிடையாது, ஊக்கத்தொகைதான். அது எனக்கு வருத்தம். யார் வீட்டுக்கு மாத்திரை வந்தது, யார் விடுபட்டார்கள் என்பதை ஊராட்சியும் கேட்க வேண்டும். ஆகஸ்ட் 15 கிராமசபையில் இதை நான் எழுந்து கேட்கப் போகிறேன்.

உங்கள் வீட்டில் சுகர், பி.பி. உள்ளவர்கள் இருந்தால் பழைய மருந்துச் சீட்டோடு ஊர் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவைப் பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் வீட்டிலேயே பிசியோதெரபி உண்டு. அதையும் மறக்காமல் கேளுங்கள்.