காயலான் கடை வைஸ்: துருவை விடுங்கள், மரையைப் பாருங்கள்

பழைய பட்டறைச் சாமான் வாங்கப் போகிறவர்கள் துருவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், புதுப் பெயின்ட்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள். துரு ஒரு வாளித் தண்ணீரிலும் சலவைச் சோடாவிலும் போய்விடும். தேய்ந்த மரையும் (திருகின் புரி) விரிசல் விட்ட வார்ப்பிரும்பும்தான் செலவு வைக்கும். சென்னை புதுப்பேட்டையோ கோவை உக்கடமோ, எடைக்கு இரும்பு விற்கும் எந்தக் கடையானாலும் கணக்கு இதுதான். அப்படி மீட்டெடுத்த வைஸும் (சாமானை இரண்டு தாடைக்கு நடுவே இறுக்கும் பிடிகருவி) கிரைண்டரும் (சாணைக்கல் இயந்திரம்) வருஷக்கணக்கில் ஓடிய பிறகு எப்படி இருக்கின்றன, எந்தப் பழுது திரும்ப வருகிறது என்பது பற்றித்தான் இந்தப் பகிர்வு.

முதலில் வைஸ். கடையில் வைத்தே ஐந்து சோதனை செய்துவிடலாம். கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி நிறுத்தி, பிறகு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். தாடை நகரத் தொடங்குவதற்கு முன் கால் சுற்று சும்மா போனால் பரவாயில்லை. அரைச் சுற்று போனால் உள்ளே இருக்கும் நட்டின் மரை பாதி தின்றுபோயிருக்கிறது. ஸ்குருவில் மரையின் முகடு தட்டையாக இருக்க வேண்டும்; கத்தி முனை மாதிரி கூராகியிருந்தால் அதுவும் முடிந்த கதை. அடுத்து, முன் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். நாலங்குல வைஸில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் வேலைக்கு ஆகும். தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வளைவு தெரிந்துவிடும். கடைசியாக, ஒரு சின்னச் சுத்தியலால் உடம்பைத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. 'டொப்' என்றால் சந்தேகம்.

சந்தேகம் வந்தால் மண்ணெண்ணெய்ச் சோதனை. அந்த இடத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் ஊறவிட்டு நன்றாகத் துடையுங்கள். மேலே சாக்பீஸ் தூளைத் தடவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து ஈரக்கோடாகத் தெரியும். நகரும் தாடையின் கழுத்தையும், ஸ்குரு நுழையும் வாயையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கைப்பிடியில் குழாய் மாட்டி முறுக்கிய வைஸ் அங்கேதான் உடையும். கைப்பிடி வளைந்திருந்தால் அப்படி முறுக்கப்பட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

துரு எடுக்க மின்சார முறைதான் எங்கள் பரிந்துரை. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர், 100 கிராம் சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸை வைஸ் பாகத்திலும், பிளஸ்ஸை ஏதாவது ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் கொடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டு முதல் நாலு ஆம்பியர் போதும். ஒரு ராத்திரி விட்டால் துரு கரும்பொடியாகிக் கம்பி பிரஷ்ஷுக்கு வந்துவிடும். மாற்றிக் கொடுத்தால் கரைவது தகடு அல்ல, உங்கள் வைஸ். பிளஸ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு போட்டால் குளோரின் வரும். சரியாகச் செய்தாலும் ஹைட்ரஜன் குமிழ் வந்துகொண்டே இருக்கும், அதனால் வாளி திறந்த வெளியில் இருக்கட்டும். புது ரகத் தானியங்கி சார்ஜர்கள் எதிரே பேட்டரி இல்லையென்றால் வேலையே செய்யாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்தான் இதற்கு ராசி.

சிட்ரிக் அமிலமும் நல்லதுதான்: லிட்டருக்கு 50 கிராம், ஆறிலிருந்து எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஊறினால் நல்ல இரும்பையும் தின்னும். எடுத்தவுடன் ஆப்பச் சோடாத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஸ்பிரிங், ரம்பத் தகடு போன்ற கடினமான எஃகை அமிலத்தில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து சட்டென்று முறியும். எந்த முறையானாலும் வெந்நீரில் கழுவி, உடனே துடைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் போடவில்லையென்றால் கண்ணெதிரே செந்துரு படியும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள்.

தாடைத் தகடுகளின் திருகுகள் அசையாது, எல்லா வைஸிலும் இதே தொல்லைதான். மண்ணெண்ணெயை மட்டும் நம்பி இரண்டு நாள் காத்திருப்பதில் பயனில்லை. சுற்றிலும் காஸ் டார்ச்சால் சூடாக்கி, ஆறும்போது எண்ணெய் விட்டு, இம்பாக்ட் டிரைவரால் (சுத்தியலால் அடித்தால் திருகைத் திருப்பும் கருவி) அடியுங்கள். தலை உடைந்துபோனால் மிச்சத்தின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் வையுங்கள். அந்தச் சூட்டிலேயே திருகு இளகும். பிடிக்க நட்டும் கிடைத்துவிடும். புதுத் திருகு போடும்போது மரையைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலேயச் சாமான்களில் விட்வொர்த் மரை, கோணம் 55 டிகிரி, மெட்ரிக்கில் 60. அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க யுஎன்சி மரையில் 13. ஒன்றில் மற்றதைப் போட்டால் இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு இறுகும். அங்கே பலம் காட்டினால் வார்ப்பிரும்பின் மரை பொடியாகிவிடும்.

ஸ்குருவும் நட்டும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து லேத் பட்டறையில் கொடுப்பதுதான் சரி. தேய்ந்த ஸ்குருவில் புது நட்டு மட்டும் போட்டால் நடுவில் லூசாகவும் ஓரத்தில் இறுக்கமாகவும் ஓடும், ஏனென்றால் ஸ்குரு எங்கும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஸ்குருவுக்கு ஈஎன்-8 என்ற எஃகு, நட்டுக்கு கன்மெட்டல் என்ற வெண்கல வகை. தேய்ந்தால் மலிவான நட்டு தேயட்டும். இந்த ஜோடி தினசரி வேலையில் வருஷக்கணக்கில் நிற்கிறது. ஒரே ஒரு எதிரி, அரத்தூள். கிரீஸை அப்பினால் தூள் அதில் ஒட்டி அதுவே தேய்க்கும் பசையாகிவிடும். மாசத்துக்கு ஒருமுறை பழைய கிரீஸை வழித்துவிட்டு மெல்லிசாகப் புதுசு தடவுங்கள்.

விரிசல் விஷயத்தில் எங்கள் தீர்ப்பு கொஞ்சம் கறார். பித்தளைப் பற்றவைப்பு நன்றாகத்தான் பிடிக்கிறது. நிக்கல் வெல்டிங் ராடும் பிடிக்கிறது. நிக்கல் என்றால் முன்கூட்டியே 250 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, ஒரு அங்குலத்துக்கு மேல் ஒரே இழுப்பில் ஓட்டாமல், ஒவ்வொரு ஓட்டத்தையும் சூட்டோடு லேசாகத் தட்டி, முடிந்ததும் சாம்பலில் புதைத்து மறுநாள் வரை ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்திலேயே புது விரிசல். இப்படி ஒட்டிய வைஸ் அரம் போட, ரம்பம் ஓட்டத் தாங்கும். சம்மட்டி அடிக்கு அதை நம்ப வேண்டாம்.

பெஞ்ச் கிரைண்டர் கதை வேறு. மோட்டார் ஈரம் குடித்திருக்கும். 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் கருவி) ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்காமல், கழற்றி 100 வாட் குண்டு பல்பு அருகே ஓரிரு நாள் உலர்த்திப் பாருங்கள். அளவு ஏறவில்லையா, வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். பேரிங் பெரும்பாலும் 6202 அல்லது 6203 ஆக இருக்கும். எண் பேரிங்கிலேயே பொறித்திருக்கும். புதுசை ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அடி விழ வேண்டும். வெளிவளையத்தில் அடித்த பேரிங் சீக்கிரமே இரையும். கல்லைக் கழற்றும்போது ஒரு குறிப்பு: இடப்பக்க நட்டுக்கு இடதுகை மரை. இது தெரியாமல் முறுக்கித்தான் பாதிப்பேர் ஷாஃப்டைக் கெடுக்கிறார்கள். பழைய சாணைக்கல்லை மாட்டவே மாட்டாதீர்கள், பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும். புதுக் கல்லையும் தொங்கவிட்டுத் தட்டிக் கேளுங்கள், அதில் எழுதியிருக்கும் வேகம் மோட்டாரின் வேகத்தைவிட அதிகமா என்று பாருங்கள். கல்லுக்கும் தாங்கு பலகைக்கும் இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

அரம் வாங்குவது பெரும்பாலும் நஷ்டம். பல் மழுங்கினால் மழுங்கினதுதான். உளிகள் லாபம்: இரும்பு உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் முதலில் அதைச் சீவிவிடுங்கள், அடிக்கும்போது சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். மர உளியை 25 டிகிரியில் தீட்டி, முனையை 30-ல் முடியுங்கள். கிரைண்டரில் முனை நீலமானால் பதம் போய்விட்டது, அந்தப் பகுதியை முழுக்கச் சீவி எடுக்க வேண்டும். சுத்தியல் தலைகளை யோசிக்காமல் வாங்கலாம். காய்ந்த கருவேலங் காம்பு போட்டால் தலைமுறைக்கும் ஓடும்.

பெயின்ட் மட்டும் எங்கும் திருப்தி தரவில்லை. எனாமல் தாடை ஓரத்தில் முதலில் உரியும், கடலோர ஊர்களில் அதன் அடியில் துரு ஊரும். ஒரு கோட் ரெட் ஆக்ஸைடு அடித்து, வேலை செய்யும் பரப்புகளை வெறுமனே எண்ணெயில் விடுவதே மேல்.

விலை எவ்வளவு குறைந்தாலும் கடையிலேயே விட்டுவிட வேண்டியவையும் உண்டு: கொக்கி விரிந்த செயின் புல்லி, ஓட்டை பெருத்த ஷாக்கிள் (சங்கிலி மாட்டும் இரும்பு வளையம்), எண்ணெய் கசிந்த பாட்டில் ஜாக், காப்புத் தகடு இல்லாத ஆங்கிள் கிரைண்டர்.