முதல் ரோக்லைக் எது? புரோக், கிரால், நெட்ஹேக்

ரோக்லைக் என்பது, ஒவ்வொரு முறையும் புதிதாக அமையும் பாதாளத்தில் ஜந்துகளைச் சமாளித்துக்கொண்டே இறங்கும் கணினி ஆட்டம். அதற்குப் புதிதாக வருபவர் முதல் நாளிலேயே பலமுறை சாவார். செத்தால் சேவ் கோப்பும் கூடவே போய்விடும். அடுத்த ஆட்டத்தில் பாதாளத்தின் வரைபடம் வேறு, போஷன்களின் (மந்திர மருந்துகள்) நிறம்கூட மாறியிருக்கும். கையில் மிஞ்சுவது, ஏன் செத்தோம் என்ற பாடம் மட்டும்தான். அதனால் முதல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க எங்கள் அளவுகோல் ஒன்றே: செத்த பிறகு காரணம் புரிகிறதா? படம் அழகா, எத்தனை வகைப் பாத்திரங்கள் என்பதெல்லாம் அப்புறம்.

புரோக், கிரால், நெட்ஹேக் மூன்றுக்கும் பாட்டன், 1980 வாக்கில் மைக்கேல் டாயும் கிளென் விச்மனும் யூனிக்ஸில் எழுதிய ரோக். நெட்ஹேக் 1987இல் வந்தது. லின்லி ஹென்ஸலின் டஞ்சன் கிரால் 1997இல் வெளியாகி, 2006 முதல் ‘ஸ்டோன் சூப்’ என்ற பெயரில் தன்னார்வலர்கள் கையில் வளர்கிறது. பிரையன் வாக்கரின் புரோக் 2009இல் வந்தது. இப்போது இறக்க வேண்டியது அதன் ‘கம்யூனிட்டி எடிஷன்’ பதிப்பை. மூன்றும் இலவசம்.

முதலில் புரோக். இதில் அனுபவப் புள்ளி என்று ஒன்று கிடையாது. ஜந்துவைக் கொன்றால் லெவல் ஏறாது, பலம் கூடாது. வேறு ஆட்டங்களில் பழகியவர்களுக்கு இது முதலில் உறைக்காது. கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்கப் போவார்கள். இங்கே சண்டையைத் தவிர்த்தவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. பலம் முழுவதும் தரையில் கிடக்கும் பொருள்களிலிருந்து வருகிறது.

புரோக்கை முன்னால் நிறுத்துவதற்குக் காரணம் ஒரு சின்ன வசதி. மவுஸை ஒரு ஜந்துவின் மேல் வைத்தால், அது உங்களை அடிக்க எத்தனை சதவீத வாய்ப்பு, மிக மோசமாகப் போனால் எத்தனை அடியில் உங்களைச் சாய்க்கும், நீங்கள் அதை எத்தனை அடியில் சாய்க்கலாம் என்று எழுதிக் காட்டும். ஓகர் என்ற அரக்கனை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 55, அதன் ஓர் அடியில் உங்கள் புள்ளியில் 9 முதல் 13 வரை போகும். தொடக்கத்தில் உங்கள் ஹெச்பி 40. கையிலிருக்கும் குத்துவாளின் உச்ச அடி 4. அதாவது ஓகர் உங்களைச் சாய்க்க நாலு அடி போதும், நீங்கள் அதைச் சாய்க்கக் குறைந்தது 14 குத்து வேண்டும். ஓகர் ஓர் அடிக்கு இரண்டு டர்ன் (ஆட்ட முறை) எடுத்துக்கொள்ளும் என்பதைக் கழித்தாலும் கணக்கு உங்கள் பக்கம் வராது. இந்த எண்கள் திரையில் இருக்கும்போதே போய் மோதிச் செத்தால், காரணத்தை வேறு எங்கும் தேட வேண்டாம்.

அப்படியானால் ஓகரை என்ன செய்வது? அது தூங்கினால் குத்துவாளோடு பதுங்கிப் போகலாம்; தூங்கும் ஜந்து மேல் குத்துவாளுக்குத் தனிச் சலுகை உண்டு. விழித்திருந்தால், தீயது என்று தெரிந்த போஷனை அதன் மேல் எறியலாம். சங்கிலியில் கட்டிய கைதி ஜந்து வழியில் கிடைத்து, காவல் இல்லாமலும் இருந்தால், அவிழ்த்துவிட்டுக் கூட்டாளியாக்கிக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது. கோப்ளின் (குட்டிப் பூதம்) கும்பல் வந்தால் குறி அதிலுள்ள மந்திரவாதி மேல்தான் இருக்க வேண்டும். அவன் செத்ததும் அவன் வரவழைத்த பறக்கும் வாள்கள் மறைந்துவிடும். இளஞ்சிவப்பு ஜெல்லி அடிபட அடிபட உடைந்து பெருகும், ஆகவே திறந்த அறையில் அல்ல, நடைபாதைக்குள் நின்று சமாளியுங்கள்.

புதியவர் இதில் செய்யும் பெரிய தப்பு மூன்று. பொருளைப் பலப்படுத்தும் மேம்பாட்டுச் சுருள்களை வாளுக்கு ஒன்று, கவசத்துக்கு ஒன்று, மோதிரத்துக்கு ஒன்று என்று பங்கு போடுவது முதல் தப்பு. எல்லாவற்றையும் ஒரே பொருளில் கொட்ட வேண்டும், சந்தேகம் இருந்தால் கவசத்தில். இரண்டாவது, தெரியாத போஷனை நடு அறையில், அதுவும் புல்தரையில் நின்று குடிப்பது. தீ கிளம்பினாலும் விஷவாயு கிளம்பினாலும் ஓட வழி வேண்டும், கதவோரம் நில்லுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் எந்தப் பொருள் நல்லது, எது தீயது என்று காட்டும் போஷன், அதை முதலில் குடிக்கலாம். மூன்றாவது, ஆழ நீரில் இறங்குவது. உடுத்தியிருப்பது தப்பும், பையிலிருப்பது ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போகும்.

கிரால் வேறு மனநிலை. இங்கே ஆள் வளர்ப்பதுதான் ருசி: இனம், பின்னணி, கடவுள், திறன்கள். ஆங்கில ‘ஓ’ விசையை அழுத்தினால் தளத்தைத் தானே சுற்றிப் பார்க்கும், ஜந்து கண்ணில் பட்டதும் நிற்கும். டேப் விசை பக்கத்து எதிரியை அடிக்கும். அலுப்பூட்டும் வேலையெல்லாம் களையப்பட்டிருக்கிறது; பசி, சாப்பாடு என்ற பகுதியைக்கூட 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் புதியவரைக் கொல்வதும் இந்த வசதியேதான். ஓ, டேப், ஓ, டேப் என்று விரல் தாளம் பிடித்துவிட்டால், வந்திருப்பது சிக்மண்ட் என்ற கொடிய எதிரி என்பதைக் கவனிக்கும் முன் ஆட்டம் முடிந்திருக்கும். அரிவாளோடு வருவான், குழப்ப மந்திரம் போடுவான், மாயமாக மறைவான். அவனைப் போலத் தனிப்பெயரோடு வரும் எந்த ஜந்துவையும் முதல் சில தளங்களில் தூரத்தில் கண்டவுடனே திரும்பிவிடுங்கள். ஒவ்வொரு தளத்திலும் கீழே இறங்க மூன்று படிக்கட்டுகள் உண்டு. வேறொன்றில் இறங்கிப் போகலாம். படியேறும்போது ஒட்டி நிற்கும் ஜந்து மட்டுமே பின்தொடரும் என்பதால், கும்பலைப் பிரித்து ஒவ்வொன்றாக அடிக்கவும் படி உதவும்.

முதல் ஆளாக மினோட்டார் இனத்து பெர்சர்க்கரை (வெறியோடு போரிடுபவன்) எடுங்கள். அவன் கும்பிடும் ட்ராக் சாமியின் வெறி சக்தியைக் கூப்பிட்டால் தொடக்கத் தளங்களில் பெரும்பாலானவை நொறுங்கும். வெறி தணிந்ததும் சிறிது நேரம் மந்தமாகிவிடுவீர்கள், எனவே மூன்று எதிரிகள் இருக்கும்போது முதல் ஒருவனுக்காக அதைச் செலவழிக்காதீர்கள். ஜெயிக்க 15 ரூன்களில் (மந்திரச் சின்னங்கள்) குறைந்தது மூன்று வேண்டும், அப்புறம்தான் ஆட்டத்தின் இலக்கான ஸாட் கோளம். புரோக்கைவிட நெடிய பயணம்.

நெட்ஹேக் மூன்றிலும் ஆழமானது, புதியவருக்கு மிக மோசமான ஆசிரியரும் அதுவே. இதில் ஜந்துகளை ஆங்கில எழுத்துகளே காட்டும். நீல நிற ‘இ’ எழுத்து அசையாமல் மிதக்கும். பாவம், ஒன்றும் செய்யாது என்று அடித்தால் நீங்கள் மரத்துப்போவீர்கள், பிறகு வருகிற எலிகூடக் கொன்றுவிடும். மஞ்சள் ‘சி’ காக்கட்ரைஸ் என்ற ஜந்து; வெறுங்கையால் தொட்டால் கல்லாகிவிடுவீர்கள். இவற்றை ஆட்டம் முன்கூட்டிச் சொல்லாது. சாவுக்குப் பிறகும் ‘அடுத்த முறை அதைத் தொடாதே’ என்பதற்கு மேல் ஒன்றும் கற்க முடியாது. விக்கியைப் பக்கத்தில் திறந்து வைத்து ஆடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்ணத்தை மட்டும் அணைக்காதீர்கள்.

இதில்தான் ஆடுவேன் என்பவர் 13 தொழில்களில் வால்கிரி என்ற போர்வீராங்கனையை, அதிலும் குள்ளர் இனத்தை எடுக்கலாம். சுரங்கக் கிளையின் குள்ளர்களும் நோம்களும் பெரும்பாலும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஹெச்பி ஏழில் ஒரு பங்குக்குக் கீழோ, 6க்குக் கீழோ இறங்கினால் கும்பிடுங்கள், சாமி காப்பாற்றும். ஆட்டத்தின் முதல் 300 டர்ன்களில் வேண்டாம். ஒருமுறை கும்பிட்டால் அடுத்ததற்கு ஆயிரம் டர்ன் பொறுங்கள். பிணத்தைச் சாப்பிடுவதானால் கொன்ற கையோடு சாப்பிடுங்கள், பழையது கொல்லும். லைக்கன், பல்லி ஜந்துகளின் பிணம் கெடவே கெடாது.

ஆக, புரோக்கில் தொடங்கி, பத்தாம் தளத்தைத் தாண்டிய பிறகு கிராலுக்கு வருவதே எங்கள் பரிந்துரை. புதிர், விபரீதம், எதை எதோடு சேர்த்தால் என்ன ஆகும் என்ற அரிப்பு உள்ளவர்கள் நேரே நெட்ஹேக்குக்கே போகட்டும், அவர்களை யாரும் தடுக்க முடியாது.

புரோக்கில் இன்னொன்று. செத்ததும் அந்த ஆட்டத்தைப் பதிவாகச் சேமிக்கலாம். திறந்து கடைசிச் சில டர்ன்களை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: எறியாத போஷன் பையில் இருந்ததா, இரண்டடி தள்ளிக் கதவு இருந்ததா என்பது தெரியும். பிறகு அந்தப் பாதாளத்தை உருவாக்கிய அதே சீட் எண்ணைக் கொடுத்தால் அதே பாதாளம் மறுபடி திறக்கும், அதே ஓகரும் அதே தளத்தில் இருக்கும்.