சுங்கை சிப்புட்டில் என் குதிகாலுக்குக் கிடைத்த இரண்டு வைத்தியம்

காலைத் தொட்டே பார்க்காமல் ஊசி போடுகிறேன் என்று சொன்ன டாக்டரை மெல்பர்னில் இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. சொந்த ஊரில் பார்த்தேன், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு தனியார் கிளினிக்கில். பெயர் வேண்டாம். கோயில், கல்யாணம், உறவுக்காரர் வீடுகள் எல்லாம் நல்லபடியாக நடந்தன. இது ஒன்றுதான் இன்னும் மனசைப் போட்டு அறுக்கிறது.

வலி மெல்பர்னிலிருந்தே என்னோடு வந்ததுதான். நீண்ட நாள் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலுக்குப் பின்னால் பலகை வைத்துக் கட்டியது போல ஒரு விறைப்பு, நடக்க நடக்க இளகும். அக்கிலிஸ் தசைநாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கிற நாண், அதில் வரும் கோளாறு. காலணியையும் பெடலையும் கையோடு கொண்டுபோய் அண்ணன் மகனுடைய சைக்கிளில் பூட்டி, லிந்தாங் சாலையில் எல்பில் தோட்டத்துப் பக்கம் கிளம்பினேன். 1948-இல் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சுடப்பட்டு, மலாயாவில் பிரிட்டிஷார் அவசரகாலம் அறிவிக்க வழிவைத்த அதே எல்பில்தான். அப்பா பால் வெட்டிய ரப்பர் மரம் எதுவும் இல்லை, இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஆனாலும் விடிகாலைக் குளிரும் மண் வாசனையும் அப்படியே இருந்தன. வீடு திரும்பும்போது நொண்டினேன்.

தனியார் கிளினிக் டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்தார். "ஸ்டீராய்டு ஒண்ணு போட்டா நாளைக்கே ஓட்டலாம்." அந்த இடத்தில் போட்டால் தசைநாண் அறுந்துபோகும் அபாயம் இருக்கிறதே என்று கேட்டேன். "தோட்டத்து ஆளுங்க எல்லாம் போட்டுக்கிட்டுத்தானே வேலைக்குப் போறாங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நான் வேண்டாமென்று எழுந்து வந்துவிடலாம். செம்பனைக் குலை வெட்டுகிறவர் என்ன செய்வார்? வலி அடங்கிவிட்டது என்று அதே காலோடு மறுநாள் சரிவில் ஏறுவார். அங்கே வைத்து அது அறுந்தால் மாதக்கணக்கில் சம்பளம் போச்சு. ஊசி வேண்டாமென்று சொல்லி, அவர் பார்த்ததற்கான பணத்தை மட்டும் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம் அம்மா சொன்னபடி அரசு கிளினிக். விடிவதற்குள் போய் நம்பர் எடுக்கிற பழக்கம் கொஞ்சமும் மாறவில்லை. நம்பர் வாங்கிய பிறகும் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனது. நேரம் குறித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் நீல ஐசி, அதாவது மலேசியக் குடிமக்களுக்கான அடையாள அட்டை, இருப்பதால் ஒரே ஒரு வெள்ளி (ரிங்கிட்). அந்த டாக்டர் மருத்துவமனையில் இருக்கும் பிசியோவுக்கு (உடற்பயிற்சி வைத்தியம் செய்கிறவருக்கு) கடிதம் எழுதித் தந்தார்.

பிசியோ ஒரு சின்னப் பெண், பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. குதிகால் எலும்பிலிருந்து மேலே மேலே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தசைநாணைப் பிடித்து அழுத்திக்கொண்டே வந்தது. "இங்க வலிக்குதா அங்கிள்? இங்க?" மூன்று விரற்கடை மேலே போனதும் பல்லைக் கடித்தேன். "நல்லது, எலும்போட ஒட்டுற இடத்துல இல்ல" என்றது. ஒற்றைக் காலில் எக்கி நிற்கச் சொன்னது. பிறகுதான் அந்தக் கேள்வி: "சைக்கிள எடுத்துட்டு வந்தீங்களா?"

மெல்பர்னில் ஒரு தடவைக்கு நூறு டாலர் அளவில் வாங்கும் பிசியோ யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. கார் நிறுத்துமிடத்தில் அண்ணன் மகன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறிப் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினேன். அந்தப் பிள்ளை குந்தி உட்கார்ந்து என் கணுக்காலையே பார்த்தது. பையன் என்னைவிடக் குட்டை, சீட்டு தாழ்வாக இருக்கிறது. பெடல் மேலே வரும்போது முழங்கால் மிகவும் மடங்கி, குதிகால் கீழே அமுங்குகிறது. இழுபட்டு நிற்கும் தசைநாண் மேல்தான் ஒவ்வொரு மிதியின் பாரமும் விழுகிறது. போதாததற்குக் காலணியின் கிளீட், அதாவது காலணியைப் பெடலோடு பூட்டுகிற அடித்துண்டு, விரல் பக்கமாக முன்னே தள்ளியிருந்தது. அதனால் கெண்டைக்காலுக்கு இன்னும் வேலை.

பசாரில் சைக்கிள் கடைத் தவுக்கே (சீன முதலாளி) 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் கிளீட்டைத் தளர்த்திக் குதிகால் பக்கமாக நகர்த்தினார், சீட்டையும் உயர்த்தினார். "காசு வேணாம் தம்பி, உங்க அப்பா இங்கதான் சைக்கிள் வாங்கினாரு" என்று தமிழிலேயே சொன்னார். என்னால் பதில் பேச முடியவில்லை.

பிசியோ சொல்லிக் கொடுத்த பயிற்சி பழையதுதான், 1998-இல் சுவீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற டாக்டர் எழுதிய முறை. படிக்கட்டு விளிம்பில் இரண்டு காலாலும் எக்கி, பாரத்தை வலிக்கிற காலுக்கு மாற்றி மெதுவாகக் கீழே இறக்குவது. முழங்கால் நீட்டி 15 வீதம் மூன்று முறை, மடக்கி அதே கணக்கு, காலையும் மாலையும், 12 வாரம். குதிகால் எலும்போடு ஒட்டுகிற இடத்தில் வலி இருப்பவர்கள் படியில் செய்யாமல் சமதரையிலேயே செய்ய வேண்டுமாம். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், ஆனால் மறுநாள் காலை விறைப்பு கூடக் கூடாது. சைக்கிளை அடியோடு நிறுத்தவும் சொல்லவில்லை. லேசான கியரில் சமதரையில் ஓட்டலாம், மேடு இப்போதைக்கு வேண்டாம்.

விறைப்பு இப்போது குறைந்து வருகிறது. தோட்டத்தில் உங்கள் மாமாவோ சித்தப்பாவோ குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ஊசிக்குத் தலையாட்டும் முன் அரசு கிளினிக்கில் பிசியோவுக்குக் கடிதம் கேட்கச் சொல்லுங்கள். வரிசையில் காத்திருப்பது எரிச்சல்தான், இருந்தாலும் போகச் சொல்லுங்கள்.