டிசைன் வாலும் சீலிங் ஃபேனும்: துணி மாற்றிய கையோடு ஒரு மதிப்பீடு

சென்னை பெரம்பூரில் குவில்ட் (துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கும் தோழி கேட்டது இது: "தையல் ரூம்ல டிசைன் வால் போடலாம்னு இருக்கேன்க்கா. உங்களுது எப்படி உழைக்குது? தரையில பரப்பிப் பார்க்குறதைவிட நிஜமாவே மேலா?" என் வாலில் போர்த்தியிருந்த பழைய ஃபிளானலை (பஞ்சு எழும்பிய மெத்தென்ற துணி) கழற்றிப் புதுசு போட்ட நேரத்தில் வந்த கேள்வி. அதனால் பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும். டிசைன் வால் (design wall) என்பது, குவில்ட்டின் துண்டுகளைச் சேர்த்துத் தைக்குமுன் ஒட்டி அடுக்கிப் பார்க்க ஃபிளானல் போர்த்திச் சுவரில் மாட்டும் பலகை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தரையில் பரப்பினால் பிளாக்குகளை (குவில்ட்டின் சதுரத் துண்டுகளை) கோணலாகத்தான் பார்க்க முடியும். காலடியில் இருப்பது பெரிதாகவும் தூரத்து வரிசை சின்னதாகவும் தெரியும். சுவரில் எல்லாம் ஒரே நேருக்கு வரும். கறுப்பு வெள்ளையில் ஒரு மொபைல் படம் எடுத்தால் அடர் நிறத் துணிகள் எந்த மூலையில் குவிந்து கிடக்கின்றன என்று உடனே காட்டிக்கொடுக்கும். கட்டம் போட்ட மெட்ராஸ் துணிகளில் இது ரொம்ப முக்கியம். கண்ணுக்கு வேறு வேறு நிறமாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாக நிற்கும். பத்துக்குப் பத்து அறையில் பின்னால் நகர்ந்து பார்க்க இடம் ஏது என்பவர்கள், வாசல் கதவில் மாட்டும் டோர் லென்ஸ் ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் வழியே பார்த்தால் முழு குவில்ட்டும் தெருக்கோடியில் தொங்குவது போலச் சின்னதாகத் தெரியும். இந்த வேலையில் இதைவிட மலிவான கருவி இல்லை.

கட்டமைப்பு இதுதான். 2 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலத்தில் இரண்டு பலகை. பின்னால் ரீப்பர் (மெல்லிய மரக்கட்டை) சட்டம், அதன்மேல் 4 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 25 மி.மீ. தெர்மோகோல், எல்லாவற்றையும் போர்த்தி ஃபிளானல். 1 மீட்டருக்கு அரை மீட்டர் தெர்மோகோல் ஷீட் வாங்கினால் எட்டு ஷீட் வெட்டு வேலை இல்லாமல் உட்காரும். ஷீட் கெட்டியான ரகமாக இருக்கட்டும். லேசான ரகத்தில் குண்டூசி நாலு தடவை குத்தியதும் ஓட்டை தளர்ந்துவிடும், மணி மணியாக உதிரும். ஒரே பலகையாகச் செய்துவிடலாமே என்று ஆசாரி சொல்வார், கேட்காதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளின் மாடிப்படித் திருப்பத்தில் அது ஏறாது.

தெர்மோகோலை ஒட்டத் தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை மட்டும்தான். செருப்புக்கும் ரெக்ஸினுக்கும் போடுகிற மஞ்சள் ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்று பள்ளமாக்கிவிடும். வெள்ளைப் பசை மெதுவாகத்தான் காயும்; மேலே பாரம் வைத்து ஒரு நாள் முழுக்க விடவேண்டும். இன்னொன்று, அயர்ன் டேபிளை இதன் பக்கத்தில் போடாதீர்கள். தெர்மோகோல் 100 டிகிரி பக்கம் வந்தாலே இளகும், பருத்திக்கு வைக்கும் அயர்ன் பாக்ஸ் சூடு 200-ஐத் தொடும்.

சுவரில் மாட்ட, ஒரு கட்டையை நெடுக 45 டிகிரி சாய்வில் அறுத்து இரண்டாக்க வேண்டும். ஒரு பாதி சுவரில், மறுபாதி பலகையின் முதுகில். சுவர்க் கட்டையின் சாய்வு சுவரை நோக்கி இறங்கவேண்டும். அப்போதுதான் பலகை தன் எடையிலேயே சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய சுவரென்றால் பூச்சைத் தாண்டிச் செங்கல்வரை போகும் 3 இன்ச் ஸ்க்ரூவும் பிளக்கும் வேண்டும். டபுள் சைடு டேப் எல்லாம் டிஸ்டெம்பரோடு சேர்ந்து உரிந்து கீழே வரும்.

இவ்வளவும் சரியாகச் செய்தபின் மேலே ஃபேனைப் போடுங்கள். அங்கேதான் பிரச்சினை.

டிசைன் வால் பற்றி எழுதுகிறவர்கள், நான் படித்தவரை, சீலிங் ஃபேனைப் பற்றி எழுதுவதில்லை. அவர்கள் ஊரில் தேவைப்படாது போல. திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பிளாக் அடுக்கச் சொன்னால் வேர்வைதான் துணியில் சொட்டும். ஃபிளானலின் மேலிருக்கும் மெல்லிய பஞ்சு இழைகள் பருத்தித் துணியின் இழைகளைப் பிடித்துக்கொள்வதால்தான் பிளாக் ஒட்டி நிற்கிறது. அதன் எடையைத் தாங்க அந்தப் பிடி போதும், காற்றை எதிர்க்கப் போதாது. ஃபேன் மூன்றில் ஓடினால் ஓரத்து முக்கோணத் துண்டுகள் ஆட ஆரம்பிக்கும். ஐந்தில் வைத்தால் ஒரு வரிசையே கீழே. அடுக்கிய ஒழுங்கும் அதோடு போச்சு.

காற்று எப்படிப் போகிறது என்று தெரிந்தால் பாதி தீரும். ஃபேன் காற்று நேராகத் தரைக்கு இறங்கி, நாலா பக்கமும் பரவி, சுவரில் மோதி மேலே ஏறும். அதாவது வாலின் மேல் காற்று கீழிருந்து மேலாகப் போகிறது. பிளாக்கின் கீழ் விளிம்பில் நுழைந்து உரிக்கிறது. குண்டூசியை மேல் விளிம்பில் குத்துவதுதான் எல்லாருக்கும் பழக்கம். குத்தவேண்டியது கீழ் விளிம்பின் நடுவில். மேல் பாதியை ஃபிளானல் பிடித்துக்கொள்ளும், ஏறும் காற்றும் அதைச் சுவரோடு சேர்த்தே தடவிப் போகும். பெடஸ்டல் ஃபேன் என்றால் வாலுக்குப் பக்கவாட்டில் வைத்து முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். மாலைக் கடல் காற்று வருகிற கிழக்கு ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இதைப் போடவே போடாதீர்கள்.

குண்டூசி என்று சொன்னதும் அடுத்த தலைவலி. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரும்புக் குண்டூசி ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது. துரு பிடித்த ஊசி வெள்ளைத் துணியில் விடும் பழுப்புப் புள்ளி சோப்புக்குப் போகாது. முலாம் பூசிய ஊசியும் முலாம் தேய்ந்தால் அதே கதைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசி தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் வாலிலேயே விட்டுவிடாமல் கழற்றுங்கள். துணியைப் பின்னால் அடிக்கும் ஸ்டேப்ளர் பின்னுக்கும் இதே விதி. பழைய ஃபிளானலின் ஓரமெல்லாம் துரு ஏறியிருந்ததற்குக் காரணம் அந்தப் பின்கள்தான். இந்தத் தடவை ஸ்டேப்ளரே இல்லை: ஓரத்தை மடித்துத் தைத்து, முதுகுப்பக்கம் நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டியாயிற்று. அவிழ்த்துத் துவைத்து மறுபடி கட்டலாம்.

துணி விஷயத்தில் அகலம்தான் எல்லாம். பலகை 1 மீட்டர் என்றாலும் பக்கத்துத் தடிமனும் பின்மடிப்பும் சேர்த்துக் கிட்டத்தட்ட 118 செ.மீ. வேண்டும். குழந்தைத் துணிக்கு விற்கும் 36 இன்ச் ஃபிளானல் போதாது, 44 இன்ச்சும் கொஞ்சத்தில் தவறிப்போகும். 58 இன்ச் சட்டை ஃபிளானலைக் கோடவுன் தெருப் பக்கம் விசாரியுங்கள். இரண்டு பலகைக்கும் சேர்த்து 5 மீட்டர். முதலில் நனைத்துக் காயவையுங்கள். சுருங்குவது வாலின்மேல் போகுமுன்பே சுருங்கட்டும், இல்லையென்றால் முதல் துவைப்புக்குப் பிறகு பலகைக்கு எட்டாது. நிறம் இளஞ்சாம்பல். வெள்ளை வால் வெள்ளைத் துணிகளை விழுங்கிவிடும், எண்ணூர் நெடுஞ்சாலையின் கன்டெய்னர் லாரிப் புழுதியையும் ஊருக்கே காட்டும். பிளாக்கைப் பிடிக்கும் பஞ்சு புழுதியையும் நூல் பிசிறையும் அதே ஆசையோடு பிடிக்கும், அடைத்துக்கொண்டால் பிடியை இழக்கும். துணிப் பிரஷால் மேல்நோக்கி வாரிவிட்டால் கொஞ்ச நாள் ஓடும்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. முடிந்தபின் 6 இன்ச் வரும் பிளாக், தைக்குமுன் (சுற்றிலும் தையலுக்கு விடும் கால் இன்ச்சோடு) ஆறரை. வரிசைக்குப் பன்னிரண்டு வைத்தால் குவில்ட் 72 இன்ச்தான் வரும், ஆனால் வாலில் 78 இன்ச் பிடிக்கும். 2 மீட்டரில் அது மட்டுமட்டாக அடங்கும். பார்டரை மனத்தில்தான் ஒட்டிப் பார்க்கவேண்டும்.

ஓதம் ஏறும் வெளிச்சுவர் வேண்டாம், உள் தடுப்புச் சுவர் போதும். வடகிழக்குப் பருவமழை வடக்கு, கிழக்குச் சுவர்களைத்தான் சாத்தும். பலகைக்குப் பின்னால் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டால் பல்லி குடியேறும். அதன் எச்சம் புதுத் துணியில். ஓரத்தைச் சுற்றிக் கொசுவலை அடித்தால் காற்றும் போகும், பல்லியும் வராது.

மதிப்பெண்: ஐந்துக்கு இரண்டு. மேலே சொன்ன புகழ்ச்சியைக் கூட்டிப் பார்த்தால் நான்கு வரும் என்று தெரியும். ஆனால் வருஷத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார முடிகிற மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும்தான், மற்ற நாளெல்லாம் கீழே விழுந்த முக்கோணங்களைப் பொறுக்குகிற கை போடுகிற மார்க் இது.

அதனால் பெரம்பூருக்கு நேர் பதில்: வாடகை வீடு, ஆணிக்கு ஹவுஸ் ஓனர் முகம் சுளிப்பார் என்றால் முழு வால் வேண்டாம். இரண்டு ஷீட்டைச் சேர்த்து 1 மீட்டர் சதுரமாக ஒரு கைப்பலகை செய்துகொள்ளுங்கள். ரீப்பர் தேவையில்லை, பிளைவுட் போதும், 58 இன்ச் துணி ஒன்றேகால் மீட்டர். தைக்காத ஆறரை இன்ச் பிளாக் ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 அதில் சரியாக உட்காரும். வேலை முடிந்ததும் அடுக்கியதை ஒரு பழைய பெட்ஷீட்டால் மூடிக் கட்டி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிடலாம்.