சீட்டு எடுத்து எழுதும் பழக்கம்: நீண்ட நாள் அனுபவம்

தினமும் ஒரு பக்கம் கையால் எழுத எனக்குத் தேவைப்படுவது மூன்றே சாமான்கள்தான். ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு மைப்பேனா, மடித்த சீட்டுகள் போட்ட பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மும்பை முலுண்டில் எங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் இவை பல வருஷங்களாக இருக்கின்றன. நோட்டும் பேனாவும் மாறிக்கொண்டே வந்தன, பாட்டில் மட்டும் அதேதான். இந்தப் பழக்கம் நிலைத்ததே அந்தப் பாட்டிலால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விதி இருக்கும். நான் எழுதிப் போட்டவை எல்லாம் நம் புலவர்கள் ஆடிப் பார்த்த ஆட்டங்கள்தான். திருப்பிப் படித்தாலும் அதே வரி வரும் மாலைமாற்று போன்றவற்றுக்கெல்லாம் தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலின் சொல்லணியியலில் இலக்கணமே உண்டு. காலையில் டீ போட்டதும் ஒரு சீட்டை எடுப்பேன். அதில் என்ன வருகிறதோ அதன்படி ஒரு பக்கம். அப்புறம் குக்கர் வைக்கப் போய்விடுவேன்.

அதிகம் உதவியது அந்தாதி. நேற்றைய பக்கம் எந்தச் சொல்லில் முடிந்ததோ, அதே சொல்லில் இன்றைய பக்கம் தொடங்க வேண்டும். வெறும் தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வேலையே இல்லை. ஒருநாள் "சாவி" என்று முடித்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன். மறுநாள் அதே சொல்லில் தொடங்கியபோது, ஆச்சியின் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தும், அதில் எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு பித்தளைச் சாவியும் வந்து நின்றன. யோசித்து உட்கார்ந்திருந்தால் அது எனக்கு வந்திருக்காது.

நிரோட்டம் கொஞ்சம் கடினம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. உதடு ஒட்டாமல் எழுத வேண்டும். ப, ம, வ மூன்றும் கிடையாது. 341ஆம் குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடுகள் ஒட்டவே ஒட்டாது. இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதுவது சாதாரணமில்லை. மும்பை என்றே எழுத முடியாது. மழை, அம்மா, வடாபாவ், முகம், மூக்கு, வாய் எதுவும் கூடாது. லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் பார்த்த ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். முகத்தைச் சொல்ல வழியில்லாததால் காதையும் கையையும் நினைவுபடுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. கிடைத்த வரி இது: "தாதரில் ஏறினாள் ஒருத்தி, கையில் கறிகாய்க் கூடை, காதில் நீலக்கல் கடுக்கன்." விதி இல்லாமல் எழுதியிருந்தால் "களைத்த முகம்" என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். கடுக்கன் என் கண்ணிலேயே பட்டிருக்காது. கற்பனை என்பது இப்படித்தான் வேலை செய்கிறது என்று நம்புகிறேன். பழகிய வழியை அடைத்தால் அது புது வழி தேடிப் போகிறது.

சிலேடைச் சீட்டு வந்தால் மகளும் சேர்ந்துகொள்வாள். பாம்புக்கும் எள்ளுக்கும் காளமேகம் சிலேடை பாடிய கதையைச் சொன்னதிலிருந்து அவளுக்கு அதில் ஆசை. பள்ளியில் இந்தியும் மராத்தியும் படிக்கிறவள், தமிழ் வீட்டில்தான். "அம்மா, லோக்கல் ரயிலுக்கும் இட்லி மாவுக்கும் போடலாமா?" என்று கேட்டாள். இருவருமாகச் செய்தது: "காலையில் பொங்கும், மூடி நிற்காது." மாவுப் பாத்திரத்தின் மூடி நிற்காது, ரயிலோ கதவை மூடி நிற்காது. அன்று அவள் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு போனாள்.

மாலைமாற்று மட்டும் காலை அவசரத்துக்கு ஒத்துவரவில்லை. சம்பந்தர் சீகாழிமேல் ஒரு பதிகமே அப்படிப் பாடியிருக்கிறார். ஆனால் குக்கர் விசிலுக்குள் முடிகிற வேலை இல்லை அது. அந்தச் சீட்டை எடுத்துவிட்டேன்.

இனி சாமான்கள். நான் வாங்குவது கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரெஹ்மான் தெருவில். மை கேம்லின் ராயல் புளூ. 1931இல் இந்த ஊரிலேயே தொடங்கிய கம்பெனி. நிறம் நன்றாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் தண்ணீர் பட்டால் போயிற்று. ஜூலை, ஆகஸ்டில் காற்றின் ஈரத்தைத் தாள் இழுத்துக்கொள்ளும். அப்போது மை நூல் நூலாகப் பரவும், பின்பக்கமும் தெரியும். மெல்லிய தாள் தாங்காது, தாளின் கனம் 90 ஜிஎஸ்எம்மாவது வேண்டும். நோட்டை மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் ஓரளவு தப்பிக்கும். மழை வலுத்த வாரங்களில் நான் பென்சிலுக்கு மாறிவிடுவேன்.

பேனா, பில்லரால் மை ஊற்றும் வகை. அதில் ஒரு குணம் உண்டு. மை கால்வாசிக்குக் கீழே போனதும் உள்ளே காற்று அதிகமாகிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ள, தாளில் சொட்டு விழும். பாதி இறங்கியதுமே நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ரயிலில் எழுத இது ஆகாது. மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொண்டு பாதி உடம்பு வெளியே இருக்கும்போது பேனா மூடியைத் திறக்கவே முடியாது. அங்கே மனசுக்குள் வரி சேர்ப்பதோடு சரி.

தொடங்க நினைப்பவர்கள் முதல் மாதம் பாட்டிலில் அந்தாதிச் சீட்டுகளை மட்டும் போடுங்கள். நிரோட்டத்தை அவசரமில்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வெற்றுச் சீட்டு சிலவற்றை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், விதியை அவர்களே எழுதிப் போடட்டும். என் பாட்டிலில் இப்போது பாதிக்கு மேல் மகளின் கையெழுத்துதான். இன்று காலை வந்த சீட்டு: "இந்தப் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது."