ரேடியோவுக்கு ரெடிமேட் டேட்டா கேபிள் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்குக்காக லைசென்ஸ் எடுத்துப் பேசும் ரேடியோ) வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக இப்போதுதான் லைசென்ஸ் எடுத்து பாக்கெட் (ரேடியோ வழியாக டேட்டா அனுப்புவது), ஏபிஆர்எஸ் (இருக்கும் இடத்தையும் சின்னச் செய்திகளையும் பாக்கெட்டில் அனுப்பும் முறை) என்று இறங்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ஈப்போவில் ஒரு கடையில், ரேடியோவையும் டிஎன்சி என்கிற டேட்டா கன்ட்ரோலரையும் இணைக்கும் கேபிளை "உங்க மாடலுக்குன்னே செஞ்சது" என்று சொல்லி விற்கிறார்கள். அதை வாங்கி வைத்திருந்தால் தயவுசெய்து இன்னும் சொருகாதீர்கள்.

என் அக்கா மகன் சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு அடுத்த வரிசை வீட்டில் இருக்கிறான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பையன். வேலை முடிந்து வந்து இரவில் படித்துப் பரீட்சை தேறி, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியவன். பழைய 50 வாட் மொபைல் செட் ஒன்றும் பழைய டிஎன்சி ஒன்றும் தேடிப் பிடித்துவிட்டான். கேபிள்தான் பாக்கி. கடையில் இரண்டு மாடல் பெயரையும் எழுதிக் கொடுத்து, 120 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வாங்கி வந்தான்.

சொருகியதும் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. சிக்னல் வரவில்லை போலும் என்று டிஎன்சி செட்டிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் முழுக்க ரேடியோ ஒலிபரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. செட் கை வைக்க முடியாத அளவு சூடான பிறகுதான் தெரிந்தது. இன்று அது 10 வாட் கூடத் தருவதில்லை. ஏபிஆர்எஸ் ஓடும் 144.390 மெகாஹெர்ட்ஸில் ஒரு செட் விடாமல் கேரியர் (வெறும் அலை) போட்டால் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருடைய பாக்கெட்டும் ஏறாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் லைசென்ஸ் வைத்திருக்கும் இந்தப் பையன். கேபிள் செய்தவரை யாரும் கேட்கப்போவதில்லை.

நான் செம்பனை ஆலையில் வயர்மேன். மறுநாள் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேபிளின் மேல் இருந்த கறுப்பு உறையை வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கே கம்பி. அப்போதே விஷயம் புரிந்தது. அது பழைய கம்ப்யூட்டர் மவுஸின் பிஎஸ்/2 வயர்.

ரேடியோவின் டேட்டா சாக்கெட்டும் மவுஸ் பிளக்கும் மினி டின் என்கிற ஒரே ஆறு பின் வட்டச் சொருகி. பொருந்தத்தான் செய்யும். ஆனால் பின்களின் வேலை வேறு. ரேடியோவில் 1 டேட்டா உள்ளே, 2 கிரவுண்ட், 3 பிடிடி (ஒலிபரப்பை ஆரம்பிக்கும் ஸ்விட்ச் கம்பி), 4 என்பது 9600 பிட் டேட்டா வேகத்துக்கான வெளியீடு, 5 என்பது 1200 வேகத்துக்கான வெளியீடு, 6 ஸ்குவெல்ச் (சிக்னல் வருகிறதா என்று காட்டுவது). மவுஸில் 3 தான் கிரவுண்ட், 4 ஐந்து வோல்ட். 2, 6 இரண்டுக்கும் வேலையே இல்லை, பல வயர்களில் கம்பியே போயிருக்காது. கடைக்காரர் மவுஸ் கணக்கில் 3ஆம் பின் கம்பியை டிஎன்சியின் கிரவுண்டில் ஈயம் வைத்துவிட்டார். ரேடியோவும் டிஎன்சியும் ஒரே 13.8 வோல்ட் சப்ளையில் ஓடும்போது பிடிடி நேராகக் கிரவுண்டுக்குப் போகிறது. பிடிடியைக் கிரவுண்டில் தொட்டாலே செட் ஒலிபரப்பும். வேறு எதுவும் தேவையில்லை.

கடைக்குப் போய்க் காட்டினோம். "இடி விழுந்திருக்கும் அண்ணே. எங்க கேபிள டெஸ்ட் பண்ணித்தான் கொடுத்தோம்" என்றார். மீட்டரை வைத்து அவர் கண் முன்னாலேயே காட்டினேன். உடனே பேச்சை மாற்றி, "உறைய வெட்டிட்டீங்கல்ல, இனிமே வாரண்டி கிடையாது" என்றார். செட்டைப் பார்ப்பதற்கே தனியாக 150 வெள்ளி கேட்டார். பையன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. ஓவர்டைம் காசில் வாங்கிய செட் அது.

அப்புறம் விசாரித்தால், பக்கத்துத் தோட்டத்து நண்பர் ஒருவரும் அங்கேதான் வாங்கியிருக்கிறார். அவருடையது எட்டு பின் வட்ட மைக் சாக்கெட் உள்ள பழைய ஐகாம் கம்பெனி செட். ஐகாமில் பிடிடி 5ஆம் பின். 2ஆம் பின்னில் 8 வோல்ட் இருக்கும். கென்வுட் கம்பெனி செட்டில் பிடிடி 2ஆம் பின். இவருக்குக் கென்வுட் கணக்கில் செய்த கேபிளைக் கொடுத்திருக்கிறார்கள். டிஎன்சி பிடிடியை இழுக்கும்போதெல்லாம் அந்த 8 வோல்ட் கிரவுண்டில் ஷார்ட் ஆகும். உள்ளே ஒரு ரெசிஸ்டர் கருகிவிட்டது. இரண்டும் வேறு வேறு தப்பு, காரணம் ஒன்றுதான்: மாடல் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, யாரும் மேனுவலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கேபிள் கையில் இருந்தால் இரண்டு பக்கமும் கழற்றிய நிலையில் மீட்டரை பீப் சத்தத்தில் வையுங்கள். மினி டின் என்றால் 2ஆம் பின்னிலிருந்து டிஎன்சி கிரவுண்டுக்குச் சத்தம் வர வேண்டும். 3ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு வரவே கூடாது. பின் எண்ணும்போது கவனம்: மேனுவலில் உள்ள படம் பெரும்பாலும் சாக்கெட்டின் முகத்தைப் பார்த்து வரைந்தது, பிளக்கின் முகத்தில் இடம் வலமாகத் திரும்பிவிடும். முதல் தடவை சொருகும்போது பவரைக் குறைத்து, ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் பவரை வாங்கிக்கொள்ளும் சுமை) போட்டு, ஒலிபரப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு தானாக எரிகிறதா என்று பாருங்கள். 1200 வேகத்தில் ரேடியோ எதிர்பார்ப்பது சுமார் 40 மில்லிவோல்ட். 9600க்கு வைக்கும் 2 வோல்ட் அளவை அதில் கொடுத்தால் டோன் சிதைந்து எந்த ஸ்டேஷனும் உங்களைப் படிக்காது. டேவியேஷன் (டோன் ஏறும்போது அலைவரிசை நகரும் அளவு) 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் போதும்.

பில் விஷயம் இன்னும் முக்கியம். எங்களுடைய பில்லில் "ரேடியோ சாமான்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்த ரேடியோவுக்கு, எந்த கன்ட்ரோலருக்கு என்று மாடலோடு எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள். நல்லவேளை, பையன் மாடல் அனுப்பிய வாட்சப் செய்தியும் கடையின் பதிலும் அழியாமல் இருக்கின்றன. அதை வைத்துப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், நடந்து மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். ஐகாம் நண்பரும் தனியாக மனு போடுகிறார்.

கேபிளின் அடையாளம்: கறுப்பு வயர், ரேடியோ பக்கம் அச்சில் வார்த்த மவுஸ் பிளக், டிஎன்சி பக்கம் ஒன்பது பின் பிளக், நடுவில் தடித்த கறுப்பு உறை. உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் உறையை வெட்டாமல் மீட்டரில் மட்டும் பார்த்து, போட்டோ எடுத்து, பில்லோடு பத்திரமாக வையுங்கள். சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் என்னிடம் கொண்டுவந்தால் நானே பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.